மரணச் சான்றிதழை 30 நாள்களுக்குள் பதிவிறக்குங்கள்

சிங்கப்பூரில் ஒருவரின் மரணத்திற்கு மருத்துவர் சான்றளித்தவுடன், அது தானாகவே பதிவாகிவிடும். 2022 மே 29 முதல், மரணத்தைப் பதிவுசெய்ய நீங்கள் நேரில் செல்லத் தேவையில்லை. வீட்டில் இறந்தால், முதலில் மருத்துவரை அழையுங்கள்.

மின்னிலக்க மரணச் சான்றிதழை ‘மை லெகசி’ இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். இறந்தவரின் அடையாள அட்டை எண், இறந்த தேதி, மரண ஆவண எண் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

16ஆம் நாள் காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். 30 நாள்கள் கடந்துவிட்டால், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் கட்டணம் செலுத்தி, மரணப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். துயரத்தில் இருக்கும் துணைவருக்காகப் பிள்ளைகளில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கலாம். சான்றிதழைச் சேமித்து வையுங்கள். வங்கியும் காப்புறுதி நிறுவனமும் அதைக் கேட்கக்கூடும்.