இரட்டையர் பதிவேடு: காட்டுப்பள்ளியில் எப்படித் தொடங்குவது?

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களுக்குப் பட்டியல் வைப்பது புதிதல்ல. எந்தத் தலைக்கட்டு எங்கே, எந்த முறையில் வலை போடலாம் என்பதைப் ‘பாடு’ வழக்கப்படி சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிற ஊர்கள் அங்கே உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் விடுபட்டால் பிழைப்பு விடுபடும். இரட்டையர் பதிவேடும் ஒரு பெயர்ப்பட்டியல்தான். இரட்டைப் பிள்ளைகள் யார், எங்கே இருக்கிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று வருடக்கணக்கில் விடாமல் எழுதி வர வேண்டும். ஆனால் அதே கரையோரத்தில், துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்துவிட்ட, அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிய புகார் ஓயாத காட்டுப்பள்ளிப் பக்கத்தில் மரபணு ஆராய்ச்சி என்றால் ஒரு சந்தேகம் எழும்: “இளைப்பு உங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது” என்று சொல்லிக் கைகழுவத்தானே இது?

சந்தேகம் நியாயமானது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பரம்பரையே விளக்கிவிடலாம் என்று 1958இல் வாதிட்ட புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர், துணைக்கு அழைத்தது இரட்டையர் தரவைத்தான். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க உதவியதும் இரட்டையர் பதிவேடுகளே. ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர் என்று அமைந்த ஜோடிகளை ஃபின்லாந்தில் 12 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1989இல் வெளியான அந்த முடிவில், கூடுதலாக இறந்தது புகைத்தவர்கள் பக்கம். ஒரே கரு பிரிந்து பிறந்த இருவருக்கும் மரபணு ஏறக்குறைய ஒன்றே என்பதால், வித்தியாசத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதாகிறது. காட்டுப்பள்ளியில் பதிவேடு வேண்டும் என்றால் இதற்காகத்தான் வேண்டும். காற்றும் தண்ணீரும் தொழிலும் என்ன செய்கின்றன என்று பார்க்க மரபணுவைச் சமன்படுத்திக்கொள்ளும் தராசு அது.

முதல் வேலை எல்லை வகுப்பது. இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் ஒன்பதுதான் இரட்டை. ஒரு குப்பத்தில் தேடினால் நாலைந்து ஜோடி தேறலாம். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே மீஞ்சூர் ஒன்றியத்தில் தொடங்கி, பொன்னேரி, எண்ணூர் என்று விரியும்படி முதலிலேயே திட்டமிட வேண்டும். சாம்பல் எட்டாத தொலைவுக் கடற்கரை ஊர்களும் சேர்ந்தால்தான் ஒப்பிட ஆள் கிடைக்கும்.

அடுத்தது பெயர் சேர்ப்பது. விளம்பரம் செய்து வரவழைத்தால் பெண்களும் அச்சு அசலாக ஒத்திருப்பவர்களும்தான் அதிகம் வருவார்கள் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். 1997இல் தொடங்கிய இலங்கை இரட்டையர் பதிவேடும் முதலில் தன்னார்வலர்களைச் சேர்த்தது. பிறகு கொழும்பு மாவட்டத்தில் வீடுவீடாகப் போய் மக்கள் பட்டியலைப் புதுப்பிக்கும் பணியோடு இரட்டையர் பற்றிய கேள்வியையும் சேர்த்துக் கேட்டது. நமக்கு அதைவிட நல்ல வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோரையும் பிக்மி (PICME) என்ற அரசுப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பதிவு எண் தேவை. சுகாதாரத் துறையின் அனுமதியோடு கிராம சுகாதார செவிலியர் வழியாகப் போனால் புதிய பிறப்புகள் கைக்கு வந்துவிடும். பெரியவர்களுக்குத்தான் தலைக்கட்டுப் பட்டியலும் வீட்டு விசாரணையும். “ரெட்டையில ஒண்ணு தங்கல” என்று தாய் சொன்னால் அதையும் எழுத வேண்டும். பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு கோணலாகிவிடும்.

மூன்றாவது, ஒரு கருவா இரு கருவா என்று பிரிப்பது. ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் இரு கரு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் விஷயத்தில் ‘நஞ்சு இரண்டாக இருந்தது, அதனால் வேறுவேறு’ என்ற பேச்சை நம்பக் கூடாது; ஒரு கரு இரட்டையரிலேயே கால்பங்குக்கு மேல் தனித்தனி நஞ்சோடு பிறக்கிறார்கள். சின்ன வயதில் பெற்றவளே மாற்றிக் கூப்பிட்டாளா, பள்ளியில் வாத்தியார் குழம்பினாரா என்பது போன்ற சில கேள்விகளே நூற்றுக்குச் சுமார் 95 ஜோடிகளைச் சரியாகப் பிரித்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் டிஎன்ஏ.

ஒரே மாதிரி சட்டை, ஒரே தட்டில் சோறு என்று வளரும் ஒரு கரு இரட்டையருக்குச் சூழலும் அதிகம் ஒன்றாகத்தானே இருக்கும் என்று கேட்பார்கள். உண்மைதான். அதனால் பரம்பரையின் பங்கு இத்தனை சதவீதம் என்று வரும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் ஊருக்கு ஊர், ஆணுக்குப் பெண் மாறும். மனச்சோர்வில் மரபணுவின் பங்கு பெண்களிடம் கணிசம், ஆண்களிடம் மிகக் குறைவு என்றுதான் இலங்கைப் பதிவேட்டின் கொழும்பு ஆய்வே காட்டியது. ஆகவே கேள்வித்தாளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு நிகரான இடத்தை இருந்த வீடு, குடித்த தண்ணீர், எரித்த அடுப்பு, எந்த வருடம் எங்கே வேலை என்பவற்றுக்கும் கொடுக்க வேண்டும். இதில் சோம்பினால் பதிவேடு மரபணுவைத் தவிர வேறெதையும் பேசாது.

சம்மதம் தனித்தனியாக வாங்க வேண்டும். அண்ணன் கையெழுத்து தம்பிக்குச் செல்லாது. ஒருவர் விலகினாலும் மற்றவர் இருக்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதத்தோடு, ஏழு வயது முதல் அவர்களுடைய இசைவும் வேண்டும். பெயரும் நோய் விவரமும் ஒரே நோட்டில் இருக்கக் கூடாது. சின்னக் குப்பத்தில் ‘இரட்டையரில் ஒருவர்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால், முடிவுகளை ஒன்றிய அளவுக்குக் கீழே பிரித்து வெளியிடவும் கூடாது. ஆலைகளிடம் பணம் வாங்குவதில்லை என்பதை ஊர்க்கூட்டத்தில் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, தொடர்ந்து பிடித்து வைத்திருப்பது. பெரும்பாலும் பதிவேடு சாவது இங்கேதான். தொலைபேசி எண் மாறும், ஆளும் மாறுவார். ஜோடிக்கு மூன்று உறவினர் எண்ணாவது வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறை மீன் ஏலம் முடிந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்கே போக வேண்டும். தலைக்கட்டுப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: அது ஆண்களின் பட்டியல், கட்டிக்கொடுத்த பெண்கள் அதில் இல்லை. ஒரே முகத்தோடு பிறந்த அக்காள் தங்கையில் ஒருத்தி குப்பத்திலேயே இருக்க, இன்னொருத்தி மாமல்லபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தால், இந்தப் பதிவேட்டுக்கு அதைவிட மதிப்பான ஜோடி கிடையாது. வீட்டு விசாரணையின் முதல் கேள்வியை இப்படிக் கட்டிக்கொடுத்த பெண்களைப் பற்றியே கேளுங்கள்.