வாடகைப் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?



நம்மில் பலர் வாடகை வீட்டுப் பிள்ளைகள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள். இல்லையென்றால் வேலூரில் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள். ஆனால் வாடகைப் பத்திரத்தை முழுசாகப் படித்தவர் எத்தனை பேர்?

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. நாலு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, கொடுத்த அட்வான்ஸ் 20,000 ரூபாயில் 8,000-தான் கைக்கு வந்தது. "வெள்ளையடிக்கணும், வயரிங் மாத்தணும்" என்று மிச்சத்தை வீட்டுக்காரர் கழித்துக்கொண்டார். எங்களிடம் பத்திரமும் இல்லை, ரசீதும் இல்லை. "விடுடா, போனா போகுது" என்றார் அப்பா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22.2.2019 முதல் தமிழக நகர்ப்புறங்களில் அமலில் இருக்கிறது. அதன்படி எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "11 மாசத்துக்குப் போட்டா பதிவு வேணாம்" என்று சொல்வார்களே, அது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியச் சொல்லும் 1908 பதிவுச் சட்டத்தை வைத்து வந்த வழக்கம். புதிய சட்டத்தின் பதிவு வேறு. அது 11 மாதத்துக்கும் உண்டு.

இனி, பத்திரத்தில் இருக்க வேண்டியவை:

1. யார், எது: இருவர் பெயர், முகவரி, வீட்டின் எந்தப் போர்ஷன் என்ற விவரம். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. எனவே முதலாண்டுத் தம்பிகளே, உங்கள் ரூமுக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடட்டும்.

2. வாடகை: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்போது எவ்வளவு கூடும். ரசீது கேட்டு வாங்குங்கள். அது நம் உரிமை.

3. அட்வான்ஸ்: பத்திரத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்த "வேறு மாதிரி" வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். காலி செய்து சாவி கொடுத்தபின், நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

4. ரிப்பேர்: இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! பத்திரத்தில் வேறாக எழுதாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. நாம் சேதப்படுத்தியது எதுவானாலும் நம் தலையில்தான். அதனால் குடிபோகும் அன்றே ஃபேன் எத்தனை, எந்தச் சுவரில் விரிசல் என்று பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள்.

5. கரண்ட்: தனி மீட்டரா, பொது மீட்டரா? பல குடித்தனம் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் கூடக் கூட விலை விகிதமும் ஏறும். கணக்கு முறையை எழுதி வாங்குங்கள்.

6. தண்ணீர்: நம் ஊருக்கு இது தனிப் பாடம். தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்ட கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத தெருக்கள் உண்டு. எந்தத் தண்ணீர், எத்தனை நேரம், லாரித் தண்ணீர் வாங்கினால் யார் செலவு? எழுதுங்கள்.

7. காலி செய்தல்: எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது இரு தரப்புக்கும் எழுதப்பட வேண்டும். சண்டை வந்துவிட்டது என்பதற்காகக் கரண்டையோ தண்ணீரையோ வீட்டுக்காரர் நிறுத்தச் சட்டம் இடம் தராது.

8. லீஸ்: மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துக் குடியிருப்பதை நம் பக்கம் லீஸ் என்கிறோம். அந்த வீடு ஏற்கெனவே கடனில் அடமானமாக இருந்தால் நம் பணத்துக்கே ஆபத்து. வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

பத்திரம் என்றால் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது என்று அர்த்தமில்லை. நல்ல வீட்டுக்காரருக்கும் அதுதான் பாதுகாப்பு. எங்கள் 12,000 ரூபாய் திரும்பி வரவில்லை. ஆனால் புது வீட்டுப் பத்திரம் வந்தபோது அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "படிச்சிட்டியாடா?"

படித்துவிட்டுத்தான் "போடுங்கப்பா" என்றேன். நீங்களும் படியுங்கள், நண்பர்களே!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை