அப்பாவின் பத்தியம் பிள்ளையின் தட்டில்

கேள்வி: எனக்கு 23 வயது. உயரம் 172 செ.மீ., எடை 51 கிலோ. கல்லூரி முடித்த நாளிலிருந்து இதே எடைதான். பம்ப் கம்பெனியில் ஷிப்ட் வேலை, எட்டு மணி நேரமும் நின்றபடிதான். ஆறு மாதமாக ஜிம் போகிறேன். தினமும் 2,800 கலோரி சாப்பிட்டால்தான் உடம்பு ஏறும் என்கிறார் மாஸ்டர். காலையில் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ், ஆறு முட்டையின் வெள்ளைக்கரு (மஞ்சள் கருவைத் தெரு நாய்க்கு வைத்துவிடுவேன்). மதியம் டப்பாவில் வீட்டுச் சாப்பாடு. அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் எங்கள் வீட்டில் எண்ணெய், தேங்காய் எல்லாம் கணக்குத்தான். காய், கீரை நிறைய இருக்கும். சாயங்காலம் வெள்ளரிக்காய், கேரட். இரவு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, இரண்டு சப்பாத்தி. வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது. போனில் கணக்குப் போட்டால் 1,700-தான் காட்டுகிறது. மீதியை முடிக்க ராத்திரி 11 மணிக்கு வாழைப்பழமாக விழுங்கிப் பார்த்தேன், குமட்டுகிறது. என் வயிறு சின்னதா மேடம்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, உங்கள் வயிற்றில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. தட்டைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியலை உங்கள் பெயரை மறைத்துவிட்டு என்னிடம் காட்டியிருந்தால், பத்து கிலோ குறைக்க நினைக்கிற ஆள் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பாவின் சர்க்கரைப் பத்தியம் பாதி, போட்டிக்கு முன்னால் கொழுப்பை வற்றவைக்கிற பாடி பில்டரின் பத்தியம் பாதி. இரண்டுமே வயிறு சீக்கிரம் நிறைய வேண்டும், கலோரி குறைவாக இருக்க வேண்டும் என்று அமைத்த சாப்பாடு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, நீங்கள் வயிற்றைக் குறை சொல்கிறீர்கள்.

முதலில் அந்த 2,800. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 65 கிலோ எடையும் மிதமான உடலுழைப்பும் உள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,710 கலோரி வேண்டும். உங்கள் 51 கிலோவுக்கு அதைச் சுருக்கினால் 2,100-ஐ ஒட்டி வரும். எடை இறங்காமல் அப்படியே நிற்கிறதே, அப்படியென்றால் ஏறக்குறைய அவ்வளவு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. போன் காட்டும் 1,700-ல் எதையோ விட்டிருக்கிறீர்கள். டீயாக இருக்கலாம். ஷிப்ட் வேலை பார்க்கிறவர் டீயே குடிப்பதில்லை என்று எழுதினாலும் நான் நம்ப மாட்டேன். நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. ஆக, இப்போதைக்கு 2,800-ஐ மறந்துவிடுங்கள். இன்று சாப்பிடுவதோடு தினம் ஒரு 400 கூடினால் போதும்.

அந்த 400-க்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. வெள்ளரிக்காயில் பெரும்பகுதி தண்ணீர். நாய்க்குப் போகும் அந்த மஞ்சள் கருவையே எடுத்துக்கொள்வோம். ஆறு வெள்ளைக்கருவில் சுமார் 100 கலோரி. மூன்று முழு முட்டையில் 210-க்கு மேல். புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று முட்டைக் காசும் மிச்சம். ஓட்ஸை விட்டு இட்லிக்கு வாருங்கள். பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் குழைத்தால் அதில் மட்டும் 120. சாயங்காலம் வெள்ளரிக்காய்க்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம், 170. கூட்டிப் பாருங்கள், 400 வந்துவிட்டது. வயிற்றில் கூடுதலாக ஒரு கிண்ணம்கூட நிரம்பவில்லை.

வயதுக்கு வந்த பெண்களுக்கு நம் வீடுகளில் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்களே, அதைப் பையன்கள் ஏனோ தொடுவதில்லை. 40 கிராம் உளுந்து மாவு, 30 கிராம் கருப்பட்டி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை, 350 கலோரிக்குக் குறையாது. ஜிம்களில் விற்கிற எடை கூட்டும் பவுடர்களின் டப்பாவைத் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துதான் முதலில் இருக்கும். அந்த விலைக்கு எத்தனை கிலோ உளுந்து வாங்கலாம் என்று அம்மாவைக் கேளுங்கள்.

சாப்பிடும் வரிசையையும் மாற்ற வேண்டும். காயை முதலில், சோற்றைக் கடைசியில் என்பது அப்பாவுக்கு நல்லது. நீங்கள் சோறு, பருப்பு, நெய்யில் தொடங்குங்கள். கீரை பின்னால் வரட்டும். சாப்பாட்டுக்கு முன் சொம்புத் தண்ணீர் வேண்டாம், டீயும் அப்போது வேண்டாம். பசியே இல்லாத வேளையில் மெல்லுவதைவிடக் குடிப்பது சுலபம்: ஒரு டம்ளர் பாலில் சத்துமாவு. ராத்திரி 11 மணி வாழைப்பழப் போராட்டத்தை இன்றோடு விடுங்கள். ஒரு நாள் குறைந்தால் குறையட்டும், அது மறுநாள் அடைக்க வேண்டிய கடன் இல்லை.

‘எவ்வளவு தின்றாலும் ஒட்டாது’ என்று சிலர் சொல்வது முழுப் பொய் இல்லை. 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு 4 கிலோவுக்கு மேல், இன்னொருவருக்கு அரைக் கிலோகூட இல்லை. சேராதவர்கள் தம்மை அறியாமல் அதிகம் அசைந்து, நடந்து, நெளிந்து அதைச் செலவழித்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஆளா நீங்கள்? அப்படியானால் மாதம் ஒரு கிலோ ஏறினாலே பெரிது. முதல் இலக்காக 55 கிலோவை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்கு ஆரோக்கியமான எடை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. எடை ஏறாதது வேறு, இறங்குவது வேறு. சாப்பிட்டும் எடை இறங்கினால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அடிக்கடி வயிற்றுப்போக்கு, படபடப்பு, அளவுக்கு மீறிய தாகம் என்று ஏதாவது இருந்தால் என் பதிலை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டாலும், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், ஒருமுறை சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

அம்மாவிடம் தனிச் சமையல் கேட்க வேண்டாம். அதே குழம்பு, அதே பொரியல்தான். உங்கள் டப்பாவில் மட்டும் ஒரு கரண்டி நெய், கெட்டித் தேங்காய்ச் சட்னி, இன்னும் ஒரு கரண்டி சோறு. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பாருங்கள். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். அந்தத் தெரு நாய் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆறு மாதத்தில் நன்றாகக் கொழுத்திருக்குமே?