பல்லைத் தாங்கும் நான்கு

"பல்லில் சொத்தை இல்லை, ஆனாலும் ஆடுகிறது." கொழிஞ்சாம்பாறைப் பகுதி உழவர்களும், மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் பல்செட்டுக்காகச் சேமிப்பை எடுக்க வரும்போது எங்களிடம் இவ்வாறு கூறுவதுண்டு. சொத்தையில்லாத பல் விழுவது ஏன்? அதற்கான விடை பல்லில் இல்லை. அதனைத் தாங்கும் திசுக்களில் உள்ளது.

அத்திசுக்கள் நான்கு. முதலாவது ஈறு. இது பல்லின் கழுத்தைச் சுற்றிப் பொருந்திக் கிருமிகளைத் தடுக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம், நலமான வாயில் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. இரண்டாவது, பல்வேர் பதிந்திருக்கும் குழியின் எலும்பு. மூன்றாவது, வேரின்மேல் படிந்துள்ள சிமெண்டம் என்னும் மெல்லிய கடினப் படலம். நான்காவது, இப்படலத்தையும் எலும்பையும் பிணைக்கும் நார்த்திசு.

நார்த்திசுவின் அகலம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டரே. எனினும் அதன் பணி பெரிது. பல் எலும்பில் ஆணிபோல் அறையப்படவில்லை, இந்நார்களால் கட்டப்பட்டிருக்கிறது. மெல்லும்போது எழும் அழுத்தத்தை இவை தாங்கி எலும்புக்குப் பகிர்ந்தளிக்கின்றன. சோற்றில் சிறு கல் அகப்பட்டவுடன் தாடை சட்டென நிற்பதும் இங்குள்ள நரம்புகளின் உணர்வாலேயே.

பல்லின்மேல் படியும் கிருமிப்படலத்தை நாள்தோறும் நீக்காவிடில் அது இறுகிக் காரையாகிறது. முதலில் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். இந்நிலை, தவணை தவறிய முதல் மாதம் போன்றது. உடனே கவனித்தால் முற்றிலும் சீராகும். கவனியாது விட்டால் அழற்சி உள்ளிறங்கி, நாரையும் எலும்பையும் கரைக்கும். கரைந்த எலும்பு தானாக மீளாது. பெரும்பாலும் வலியும் இராது என்பதே இதன் கொடுமை.

மலைக்குளிருக்கெனப் பழகிய பீடி மற்றொரு தீங்கையும் செய்கிறது. புகைப்போருக்கு ஈறில் இரத்தக்கசிவு குறைவதால், நோயின் முதல் எச்சரிக்கையே மறைந்துபோகிறது. கன்னத்தில் அடக்கும் புகையிலை அவ்விடத்து ஈறைக் கீழிறக்கும், வாய்ப்புற்றுக்கும் காரணமாகும். கட்டுப்படாத நீரிழிவும் ஈறுநோயைத் தீவிரமாக்கும்.

காரையை அகற்றினால் பல் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். உண்மையில் பல்லைத் தளர்த்துவது காரையை ஒட்டி வளரும் நோயே. அகற்றியபின் அது வெளிப்படத் தெரிகிறது, அவ்வளவே. ஆகவே, காலையும் இரவும் பல் துலக்குவோம்; பல்லிடுக்குகளையும் தூய்மை செய்வோம்; ஈறில் இரத்தம் கண்டால் பல் ஆடும்வரை காத்திராது மருத்துவரை அணுகுவோம்.