செம்பா, பானையா, எவர்சில்வரா? குடிதண்ணீருக்கு எந்தப் பாத்திரம்?

கல்யாணச் சீரில் வந்த செப்புக்குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வருக்கு மாறிய குடும்பங்கள்தான் இன்று செம்பு பாட்டிலைத் தேடி வாங்குகின்றன. வாங்கட்டும், கெட்ட பொருள் இல்லை. பாத்திரக்கடையில் எல்லாரும் கேட்பது 'எது உடம்புக்கு நல்லது?' என்றுதான். வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீட்டுக்கும் ஆர்.ஓ. மாட்டிய வீட்டுக்கும் ஒரே பாத்திரம் பொருந்தாது.

செம்பு செய்வதாக நிரூபிக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: அது பாக்டீரியாவைக் கொல்கிறது. பெங்களூரில் உள்ள ஓர் ஆயுர்வேத ஆய்வு நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காலரா, டைஃபாய்டு, சீதபேதி ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தண்ணீரில் கலந்து, செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் வளரக்கூடிய கிருமி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்த செம்பு லிட்டருக்கு ஏறக்குறைய 0.18 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 2 மில்லிகிராம். ஆக, அந்தத் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம்.

அந்த 16 மணி நேரத்தைக் கவனியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஊற்றி விடியற்காலை ஐந்தரைக்குக் குடிப்பவருக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. தெளிந்த தண்ணீரில் நடப்பது கலங்கல் தண்ணீரில் அப்படியே நடக்காது. சேறும் அழுக்கும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால் முதலில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள், ஆறிய பிறகு செம்பில் ஊற்றுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரில் கையோ டம்ளரோ பட்டு மறுபடி கிருமி சேர்வதுதான் நம் வீடுகளில் வழக்கமான தொல்லை. அந்த இடத்தில் செம்பு உண்மையாகவே கைகொடுக்கும்.

உப்பு, ஃப்ளூரைடு, நைட்ரேட் இவற்றைச் செம்பு தொடுவதே இல்லை. ஃப்ளூரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை எத்தனை நாள் செப்புக்குடத்தில் வைத்தாலும் பல்லில் விழும் கறையும் எலும்பில் வரும் கோளாறும் மாறாது. அந்தப் பகுதிக்கென்று ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஆர்.ஓ. வீட்டுக்காரர்களே அதிகமாகச் செம்பு பாட்டில் வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை. அவர்கள் தண்ணீரில் கொல்வதற்குப் பெரும்பாலும் கிருமி இல்லை. ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் குறைவு, சற்றே அமிலத்தன்மையும் இருக்கும். அப்படிப்பட்ட நீர் உலோகத்தைக் கூடுதலாகக் கரைக்கும். ஒரு இரவுக்கு வைத்துக் குடிப்பதில் தவறில்லை. நான்கு நாள் பாட்டிலிலேயே கிடந்த தண்ணீர் உலோகச் சுவை அடித்தால் செடிக்கு ஊற்றிவிடுங்கள். அளவு மீறிய செம்பு குமட்டலும் வயிற்று வலியும் கொடுக்கும்.

இளைக்கலாம், தைராய்டு சரியாகும், மூட்டுவலி போகும் என்று பாட்டிலோடு வரும் அட்டையில் அச்சடித்திருப்பார்கள். இவற்றுக்குச் சான்று இல்லை. உடம்புக்குச் செம்புச் சத்து தேவைதான். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. ஒரு கைப்பிடி முந்திரியில் கிடைக்கும் செம்பு, மேலே சொன்ன ஆய்வில் ஒரு லிட்டர் தண்ணீரில் இறங்கியதைவிட அதிகம். எள்ளும் பருப்பும் சாப்பிடுகிறவருக்குச் செம்பு குறைவது அபூர்வம்.

புளிப்பு எதையும் செம்பிலோ பித்தளையிலோ வைக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் எல்லாம் இந்த விலக்கில் சேரும். சமைக்கிற பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசியது அதற்காகத்தான். பால் விஷயம் இன்னும் கடுமையானது. கைக்குழந்தைகளின் ஈரலைக் கெடுத்து உயிரையே பறித்த ஒரு நோய் நம் நாட்டில் இருந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைப் புகட்டியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று 1980-களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. எவர்சில்வரும் அலுமினியமும் வந்த பிறகு அந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. ஆகவே குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கச் செம்புத் தண்ணீர் வேண்டாம். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பித்தளையிலும் பெரும்பகுதி செம்புதான், மீதி துத்தநாகம். கிருமியைக் கொல்லும் குணம் இதற்கும் உண்டு. பழைய குடங்களில் ஒட்டுப்போட்ட இடம்தான் எனக்குப் பயம். பற்றவைத்ததில் காரீயம் கலந்திருக்கலாம். பாட்டியின் பித்தளைக் குடத்தைப் பூஜையறையிலோ கூடத்திலோ வைத்து அழகு பாருங்கள், குடிக்க வேறு தேடுங்கள்.

கோடைக்கு மண்பானைக்கு ஈடு இல்லை. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது குறைவாகவும், மதுரை, சிவகங்கை போன்ற வறண்ட வெயிலில் நன்றாகவும் வேலை செய்யும். மானாமதுரைப் பானைக்குப் பேர் கிடைத்தது சும்மா இல்லை. கிருமியைக் கொல்வதில் பானை செம்புக்கு நிகரில்லை. சுத்தமான தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், குழாய் வைத்த பானையாகப் பார்த்து வாங்குங்கள். சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், துளைக்குள் புகுந்துவிடும். துளை அடைத்துக் குளிர்ச்சி குறைந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

எவர்சில்வரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எதையும் கொல்லாது, எதையும் கரைக்காது, கழுவ எளிது. கண்ணாடியும் அப்படியே, உடையும் என்பதைத் தவிர. பிளாஸ்டிக் கேனை வெயில் படும் திண்ணையிலோ பால்கனியிலோ வைக்காதீர்கள்.

செம்புதான் என்று முடிவு செய்துவிட்டால், கை உள்ளே போகிற வாய் அகன்ற பாத்திரமாக வாங்குங்கள். குறுகிய கழுத்து பாட்டிலின் அடியில் பிடிக்கும் பச்சைக் களிம்பை எடுப்பது பெரும்பாடு. வெளியே செம்பும் உள்ளே ஸ்டீலுமாக இருக்கும் சொம்பில் தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை. பளபளப்பு நிலைக்க உட்புறம் வார்னிஷ் பூசியதும் அப்படித்தான். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. வாரம் இருமுறை புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். இரும்பு நார் வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஆர்.ஓ. வைத்த வீட்டுக்கு எவர்சில்வர் போதும், கோடையில் ஒரு பானை. கிணற்று நீரையோ பஞ்சாயத்துக் குழாய் நீரையோ கொதிக்கவைத்துக் குடிக்கிற வீட்டில்தான் செப்புக்குடத்துக்குப் போடும் பணம் வீண்போகாது. எதை வாங்குவதற்கும் முன்னால் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.