ரப்பர் தோட்டத்து வீடுகளில் முப்ளி வண்டுத் தொல்லை

சித்திரையில் முதல் கோடை மழை பெய்தால் உழவருக்கு மகிழ்ச்சி. ஆனால் கேரளத்தில் ரப்பர் தோட்டங்களை ஒட்டிக் குடியிருப்போர், அன்று மாலை விளக்கேற்றவே தயங்குவர். இருட்டத் தொடங்கியதும் கருநிற வண்டுகள் கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்து வீட்டுக்குள் புகுந்துவிடும். இவற்றை முப்ளி வண்டு என்பர். திருச்சூர் மாவட்டத்து முப்ளி என்ற இடத்தின் பெயரால் வந்த பெயர் இது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் பயிராவதால், அங்குள்ள சிறு தோட்டக்காரர்களும் இவ்வண்டைப் பற்றி அறிந்திருத்தல் நலம்.

இதன் அறிவியல் பெயர் லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். சுமார் 8 மில்லி மீட்டர் நீளம் இருக்கும். அரிசி மாவிலும் ரவையிலும் காணப்படும் சிவப்பு மாவு வண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் இது தானியத்தைத் தின்பதில்லை, மரச்சாமான்களை அரிப்பதில்லை, கடிப்பதும் இல்லை. ரப்பர் மரத்துக்கும் இதனால் கேடில்லை. தரையில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் இலையே இதன் உணவு. எனவேதான் தோட்டத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

எண்ணிக்கைதான் தொல்லை. ஒரே வீட்டில் 5 லட்சம் முதல் 40 லட்சத்துக்கும் மேல் அடைவதுண்டு. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையில், பரணில், சுவர் வெடிப்பில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். சோற்றிலும் படுக்கையிலும் உதிரும். தொந்தரவு செய்தாலோ நசுக்கினாலோ நெடியுள்ள ஒரு நீரைச் சுரக்கும். அது பட்ட தோல் எரிந்து கொப்புளிக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது சிறு தொல்லை அல்ல.

வண்டின் ஓராண்டு வாழ்க்கை

மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. அப்போது வண்டுகள் பதுங்கிய இடங்களை விட்டுத் தோட்டத்துச் சருகுக்குள் போகின்றன. அங்கேயே முட்டையிட்டு, புழு வளர்ந்து, புதிய தலைமுறை வண்டு உருவாகிறது. கோடை மழை விழுந்து சருகு நனைந்ததும் இந்தப் புதிய வண்டுகள் கிளம்பி, வெளிச்சத்தை நாடி வீடுகளை அடைகின்றன. அடுத்த இலையுதிர்வு வரை, ஏறத்தாழ ஒன்பது மாதம், இரை எடுக்காமலும் இனம் பெருக்காமலும் உறங்கிக் கிடக்கின்றன. ஆகவே வீட்டுக்குள் இவை பெருகிவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை.

கோழிக்கோடு தேவகிரி புனித ஜோசப் கல்லூரி ஆய்வாளர்கள் 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் ஒரு முக்கியமான செய்தியைத் தெரிவிக்கின்றன. பழுத்து உதிர்ந்த இலையைவிட, முற்றாமல் உதிரும் இளந்தளிரையே இவ்வண்டு விரும்பி உண்கிறது. மாசி, பங்குனியில் மரம் தளிர்க்கும்போது சாம்பல் நோய் கண்டால் தளிர்கள் கொட்டும். அது வண்டுக்கு விருந்து. ஆதலால், தளிர்க்கும் பருவத்தில் கந்தகத் தூள் தூவிச் சாம்பல் நோயைத் தடுப்பது மரத்துக்கும் நல்லது, வண்டுக்கு இரையும் குறையும். எத்தனை முறை, எவ்வளவு தூவுவது என்பதை ரப்பர் வாரிய அலுவலரிடம் கேட்டுச் செய்யவும். ஒருவர் தோட்டத்தில் மட்டும் தூவினால் போதாது. பக்கத்துத் தோட்டத்தாரும் சேர வேண்டும்.

சருகைத் தீயிட்டு எரித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. கோடையில் தீ பரவினால் மரப்பட்டை வெந்து பால்வெட்டே போய்விடும். தோட்டம் முழுவதும் கூட்டி அள்ளுவதும் மண்ணின் போர்வையை உரிப்பது போன்றது. வீட்டை ஒட்டிய பகுதியில் மட்டும் மாசி மாதத்தில் சருகை வாரி, சாணிக் கரைசல் தெளித்துக் குவித்து மட்கவிடலாம்.

மழை பெய்த மாலையில்

பொழுது சாயுமுன் கதவு, சன்னல்களைச் சாத்திவிட வேண்டும். வீட்டு விளக்குகளை, முக்கியமாகத் திண்ணை விளக்கை, முதல் சில மணி நேரம் அணைத்து வைக்கவும். வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, தோட்டத்தின் பக்கமாக ஒரு பிரகாசமான விளக்கை வைத்து, அதன் கீழ் அகன்ற பாத்திரத்தில் சோப்பு நீர் வைத்தால் பல வண்டுகள் அதில் விழுந்து மடியும். விளக்கை வாசலிலேயே வைத்தால் வராத வண்டையும் அழைப்பதாகும். மழை நேரமாதலால் மின்கம்பியை ஈரத்தில் இழுக்க வேண்டாம். பேட்டரி விளக்கே போதும். அடுத்த சில மாலைகளிலும் இவ்வாறே செய்யவும்.

உள்ளே வந்துவிட்ட வண்டுகளைக் கையால் தேய்க்காமல் துடைப்பத்தால் முறத்தில் கூட்டி, சோப்பு நீர் வாளியில் கொட்டவும். நீர் பட்ட தோலைச் சோப்புப் போட்டுக் கழுவவும். கண்ணில் பட்டால் நல்ல நீரால் பலமுறை கழுவி மருத்துவரிடம் செல்லவும். தூங்கும்போது காதில் நுழைந்தால் ஊக்கு, குச்சி கொண்டு குத்தாமல் மருத்துவரை நாடவும்.

வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை ஆத்திரத்தில் பரணில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இது வண்டைவிடக் கேடானது. செத்த வண்டுகள் மருந்தோடு சேர்ந்து சமையல் பாத்திரத்திலும் தொட்டிலிலும் விழும். மண்ணெண்ணெய் தெளிப்பதும் ஆபத்து. அடுப்புப் பொறி ஒன்று போதும். மருந்து அடித்தே தீரவேண்டுமானால், வீட்டு உபயோகத்துக்கென விற்பனையாகும் மருந்தை மட்டும், புட்டியில் குறித்துள்ள அளவில், சன்னல் ஓரங்களிலும் வெடிப்புகளிலும் பயன்படுத்தலாம். உணவையும் குடிநீரையும் முதலில் அப்புறப்படுத்தி, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

மார்கழி, தையில் வண்டுகள் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவதால், உடைந்த ஓடு மாற்றுதல், சுவர் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தல், சன்னலுக்குக் கொசுவலை அடித்தல் ஆகிய வேலைகளை அதன் பின் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும்.