கார்ஃபீல்டு பூனையும் காணாமல் போகும் நிழலும்

ஜிம் டேவிஸின் கார்ஃபீல்டு பூனை 1978-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் படக்கதையாக வரத் தொடங்கியது. 2004-இல் அது சினிமா ஆனபோது எஜமானன் ஜானாக நடிகர், ஓடியாக நிஜ நாய். கார்ஃபீல்டு மட்டும் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் உருவம்.

காகிதத்தில் பூனை நிற்க ஒரு கோடு போதும். நிஜ அறையில் நிழல் விழாவிட்டால், 26 வருடம் ரசித்த பூனை ஒட்டிய ஸ்டிக்கர் போலாகிவிடும். இதை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் நீங்களும் செய்து பார்க்கலாம். நான் செய்யும் முறை இதோ.

1. மேஜையை போட்டோ எடுங்கள். வெளிச்சம் வரும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிளெண்டரில் ரெண்டர் அளவை போட்டோவின் அளவாக்கி, போட்டோவை கேமராவின் பின்னணியில் வையுங்கள். மேஜைப் பரப்போடு பொருந்துமாறு ஒரு பிளேன் சேருங்கள்.

3. பூனை மாடல் இல்லையா? ஆட் - மெஷ் - மங்கி கிளிக் செய்து குரங்குத் தலையை பிளேன் மேல் வையுங்கள்.

4. ரெண்டர் என்ஜினை சைக்கிள்ஸ் ஆக்குங்கள். பிளேனுக்கு ஆப்ஜெக்ட் - விசிபிலிட்டி - ஷேடோ கேட்சர் டிக் செய்யுங்கள். ரெண்டர் - ஃபிலிம் பகுதியில் டிரான்ஸ்பரன்ட் டிக் செய்யுங்கள்.

5. குறித்த பக்கத்தில் ஏரியா லைட் வையுங்கள். விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும்.

6. ரெண்டரை பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, ஜிம்ப்பில் போட்டோவுக்கு மேல் லேயராகத் திறங்கள்.

பிறகு பிளேனை நீக்கி மறுபடி ரெண்டர் செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். நிழல் இல்லாத தலை அந்தரத்தில் மிதக்கும்!